கூட்டக் குறிப்பில் சேராதவை

எண்பத்தேழு விண்ணப்பங்கள்.
சலித்தபின் பதினொன்று. அப்புறம் மூன்று.
தேர்வுக் குழுவில் ஐந்து பேர்.
ஆறாவது நாற்காலி என்னுடையது: குறிப்பெடுப்பவள்.
எனக்கு ஓட்டு கிடையாது.
விமானச் சீட்டு, ஓட்டல் அறை,
யாருக்கு வேர்க்கடலை ஆகாது
இவையெல்லாம் என் இலாகா.

விளம்பரம் எழுதவே நாலு மாதம் பிடித்தது.
'நிலத்தோற்ற வடிவமைப்பு, உதவிப் பேராசிரியர்'
என்பதற்குப் பக்கத்தில்
'குளிர்நிலம்' என்று சேர்க்கலாமா என
ரூபன் தீசனும் லெசியா போப்கோவும்
இரண்டு கூட்டங்கள் மல்லுக்கட்டினார்கள்.
வினிப்பெக்கில் வேறு எந்த நிலம் இருக்கிறது
என்று நான் கேட்கவில்லை.

முதலில் வந்தவர் பாஸ்டன்காரர்.
திரையில் கூரைத் தோட்டங்கள், பளிங்கில் ஓடும் நீர்.
படத்து மனிதர்கள் எல்லாரும் ஒல்லி,
எல்லாருக்கும் எப்போதும் கோடை.
இரண்டாமவருக்குக் கேள்விகள் பிடித்திருந்தன,
பதில்கள் அவ்வளவாக இல்லை.

மூன்றாவது, மாரெத் பார்னாஸ்தே.
எஸ்டோனியச் சதுப்புகளில் வேலை பார்த்தவள்.
பெட்டி டொராண்டோவிலேயே தங்கிவிட,
என் மகனின் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு
மைனஸ் இருபத்தாறில் வந்து நின்றாள்.
ஐம்பது நிமிட உரை. பத்தாவது நிமிடத்தில்
கணினியை மூடிவிட்டு ஜன்னலைக் காட்டினாள்.
"அந்த வேலி எதற்கு?"

நூலகத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குக்
குறுக்கே போகும் ஒற்றையடித் தடம்.
பத்தொன்பது வருடமாக அடைத்துப் பார்க்கிறோம்:
முதலில் செடி, பிறகு பலகை, பிறகு சங்கிலி,
இப்போது கம்பி.
கம்பியைச் சுற்றிக்கொண்டு புதிதாய் ஒரு வளைவு
பனியில், யாரோ அவசரமாய்ப் போட்ட கையெழுத்துப் போல.

யாரும் வாய் திறக்கவில்லை.
வேலிக்கு ஒப்புதல் கொடுத்த கில்பெர் லாவலே
தண்ணீர் குடித்தார்.

"கோட்டை மாட்டுங்கள்" என்று
ஐந்து பேரையும் வெளியே நடத்திப் போனாள்.
"இங்கே முதலில் எங்கே உருகும்? எந்த வாரம்?"
நிலத்தைக் கேட்டவர்கள் முன்பும் உண்டு.
பொழுதையும் சேர்த்துக் கேட்டவள் இவள்தான்.
மண்ணியல் நடத்துகிறவர், இந்த நகரத்தின்
வெள்ளங்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவர்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

என் வாய் தானாகத் திறந்துவிட்டது.
"தென்கிழக்கு மூலை. அடியில் வெந்நீர்க் குழாய் போகிறது.
மார்ச் இரண்டாம் வாரம். முயல்கள் அங்கேதான் வரும்.
தண்ணீர் மட்டும் போக வழியில்லாமல்
மே வரைக்கும் கிடக்கும்."
இருபத்திரண்டு வருடம்
அந்த ஜன்னலோரம் தனியே சாண்ட்விச் தின்றவள் நான்.
அவள் தன் பென்சிலை நீட்டினாள்.
"கிடக்கும் இடத்தில் குத்துங்கள்."
குத்தினேன்.

சாயந்திரம் ஓட்டெடுப்பு. நாலுக்கு ஒன்று.
அந்த ஒன்று யார் என்பது குறிப்பில் இல்லை.
நியமனக் கடிதம் தட்டி வைத்தேன்,
அவள் பெயரில் எந்த எழுத்தின் தலையில்
இரண்டு புள்ளி என்று இருமுறை சரிபார்த்து.

வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து மூன்று வரி:
நிதி நெருக்கடி, நியமனங்கள் எல்லாம் நிறுத்தம்.
அவளுக்கு எழுதும் வேலையும் என்னுடையதே.
'வருந்துகிறோம்' என்பதை மூன்று தடவை அழித்தேன்.
அதைவிட நல்ல சொல் அலுவலகத்தில் இல்லை.
பதில் மறுநாளே வந்தது:
'பூட்ஸ் தபாலில் வருகிறது. தண்ணீர் வந்ததா?'

மார்ச் பன்னிரண்டு.
பென்சில் சாய்ந்து நிற்கிறது.
சுற்றிலும் சாப்பாட்டுத் தட்டளவு குட்டை,
அதற்குள் வேலி தலைகீழாய்.
பின்னால் காலடிச் சத்தம். கில்பெர் லாவலே,
கோட்டுப் பையிலிருந்து ஒரு குறடு எடுக்கிறார்.
"இதைக் குறித்துக்கொள்ளாதே" என்கிறார்.
கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அவளுக்கு இன்றே எழுத வேண்டும்.
எத்தனை அங்குலம் என்று கேட்பாள்.
மேஜையில் ஸ்கேல் இருக்கிறது,
போய் எடுத்து வருகிறேன்.